கிணற்றுக்குள் ஒரு தோழி: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் மகளுக்கு 13 வயது. பள்ளி நூலகத்திலிருந்து 'ஆன்யாஸ் கோஸ்ட்' என்ற கிராபிக் நாவலை எடுத்துவந்து ஒரே மூச்சில் முடித்துவிட்டாள். அவள் தூங்கிய பிறகு நானும் புரட்டிப் பார்த்தேன். கதாநாயகி சிகரெட் பிடிக்கிறாள், பேயை வைத்துப் பரீட்சையில் காப்பியடிக்கிறாள், அம்மா செய்துகொடுத்த சாப்பாட்டை எறிகிறாள். எலும்புக்கூடு, பழைய கொலை என்று வேறு வருகிறது. இதற்கு விருதெல்லாம் கிடைத்திருக்கிறதாம். இப்போது அவளுடைய 8 வயதுத் தம்பியும் அந்தப் புத்தகம் வேண்டும் என்கிறான். பள்ளிக்கு எழுதி நூலகத்திலிருந்தே அதை எடுக்கச் சொல்லலாம் என்கிறார் என் கணவர். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ச., டொரான்டோ

அன்புள்ள ச.,

கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். உங்கள் மகள் இதைப் படித்ததில் ஒரு தப்பும் இல்லை. 13 வயதில் படிக்கவேண்டிய புத்தகம் என்றே சொல்வேன். தம்பிக்கு இப்போது வேண்டாம். பள்ளிக்குத் தயவுசெய்து எழுதாதீர்கள்.

புரட்டிப் பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். படக்கதைக்கு நேரும் கஷ்டமே அங்கேதான் தொடங்குகிறது. சாதாரண நாவலில் ஒரு பெண் சிகரெட் பற்றவைப்பது ஏதோ ஒரு பக்கத்தின் நடுவில் ஒரு வரியாகக் கிடக்கும். புரட்டுகிறவர் கண்ணில் அது படாது. படக்கதையிலோ அது ஒரு கட்டத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். அவள் ஏன் பற்றவைத்தாள், அப்புறம் என்ன ஆனாள் என்பது முழுதாகப் படித்தவர்களுக்குத்தான் தெரியும். எந்தெந்தப் புத்தகங்களுக்கு அதிக எதிர்ப்பு வந்தது என்று அமெரிக்க நூலகச் சங்கம் ஆண்டுதோறும் வெளியிடும் பட்டியலில் கிராபிக் நாவல்கள் திரும்பத் திரும்ப வருவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

ஆன்யாவைப் படைத்த வேரா பிராஸ்கால் மாஸ்கோவில் பிறந்து, 5 வயதில் அமெரிக்காவுக்கு வந்தவர். 2011-ல் வெளிவந்த இந்தப் புத்தகத்தில் அவர் வாழ்க்கையின் சாயல் நிறைய இருக்கிறது. ஆன்யாவும் ரஷ்யாவிலிருந்து வந்தவள். தன் உச்சரிப்பை மாற்றிக்கொண்டாள், நீளமான குடும்பப் பெயரைச் சுருக்கிக்கொண்டாள். ரஷ்ய வாடை இன்னும் போகாத டிமா என்ற பையனோடு யாரும் தன்னைச் சேர்த்துப் பார்த்துவிடக் கூடாது என்று விலகி விலகிப் போகிறாள். அம்மாவின் பலகாரத்தை எறிவதற்குக் காரணம் திமிர் இல்லை. சாப்பிட்டால் குண்டாகிவிடுவோம் என்ற பயம், அதற்குப் பின்னால் தன் உடம்பைப் பற்றிய கூச்சம். டொரான்டோவில் வளரும் உங்கள் மகளுக்கு இந்தப் பக்கங்கள் பேய் வரும் பக்கங்களைவிட நெருக்கமாக இருந்திருக்கலாம். அம்மா கட்டிக்கொடுத்த சாப்பாட்டைப் பள்ளியில் திறக்கக் கூசிய பிள்ளைகள் நம் வீடுகளிலும் உண்டு.

இப்படிப்பட்ட பெண்தான் ஒரு பாழுங்கிணற்றில் விழுகிறாள். உள்ளே ஓர் எலும்புக்கூடு, கூடவே எமிலி என்ற பெண்ணின் ஆவி. அவள் இறந்து 90 ஆண்டுகள் ஆகின்றன. எலும்பை விட்டு அவளால் அதிக தூரம் போக முடியாது. ஆனால் ஒரு விரல் எலும்பு ஆன்யாவின் பைக்குள் வந்துவிட, அவளும் கூடவே வெளியே வந்துவிடுகிறாள். அடுத்தவர் விடைத்தாளை எட்டிப் பார்த்துச் சொல்கிறாள், ஆன்யாவுக்குப் பிடித்த பையன் எங்கே இருக்கிறான் என்று பார்த்துவருகிறாள். ஆன்யா கேட்டதெல்லாம் நடக்கிறது. (இன்னும் படிக்காதவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிவிடுங்கள்.)

எமிலி தன்னைப் பற்றிச் சொன்ன சோகக் கதை பொய். ஆன்யா நூலகத்துக்குப் போய்ப் பழைய செய்திகளைத் தேடும்போது அது தெரியவருகிறது. தனக்குக் கிடைக்காத ஒருவனையும் அவன் காதலியையும் எமிலி என்ன செய்தாள் என்று வெளிப்படும் பக்கங்கள்தான் இந்தப் புத்தகத்தில் மிகவும் பயங்கரமானவை. எனக்குத் திகில் ஏற்பட்டது வேறோர் இடத்தில். ஆன்யா ஆசைப்பட்ட அந்தப் பையன் எப்படிப்பட்டவன் என்பது ஒரு பார்ட்டியில் தெரிந்துவிடுகிறது. அவன் வேறொரு பெண்ணோடு அறைக்குள் இருக்கிறான், அவனுடைய காதலி வெளியே காவல் நிற்கிறாள். ஆன்யா அங்கிருந்து கிளம்பிவிடுகிறாள். எமிலிக்கு அது பொறுக்கவில்லை. அவனை எப்படியாவது அடைந்தே தீரவேண்டும் என்கிறாள். அந்த நேரத்தில் ஆன்யா தன்னைத்தான் பார்க்கிறாள். எதையும் கொடுத்து ஒன்றை அடையத் துடித்தவள் அவளும்தானே. காப்பியடித்தது, சிகரெட், அம்மாவிடம் காட்டிய வெறுப்பு எல்லாவற்றையும் அங்கே கதையே கணக்குப் பார்க்கிறது. இவ்வளவுக்கும் எங்கேயும் உபதேசம் கிடையாது. நீலமும் ஊதாவும் கலந்த ஒரே சாயலில் வரைந்த முகங்கள் அதைச் சொல்லிவிடுகின்றன. 2012-ல் காமிக்ஸுக்கான ஐஸ்னர் விருதுக்காரர்கள் பதின்பருவத்தினருக்கான பிரிவில் இதைத் தேர்ந்தெடுத்தது எனக்குச் சரியாகவே படுகிறது.

படக்கதைகளைத் தடுத்துப் பார்த்த ஒரு வரலாறும் உண்டு. 1954-ல் ஃபிரெட்ரிக் வெர்தம் என்ற மனநல மருத்துவர் காமிக்ஸால் பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்று புத்தகம் எழுதினார். அதே ஆண்டு அமெரிக்க செனட் குழு விசாரணை நடத்தியது. பயந்துபோன பதிப்பாளர்கள் தாங்களாகவே ஒரு விதித்தொகுப்பை உண்டாக்கினார்கள். நடக்கும் பிணம், ரத்தக்காட்டேரி, ஓநாய் மனிதன் எதுவும் வரக்கூடாது. நன்மை ஒவ்வொரு முறையும் தீமையை வெல்லவேண்டும். பல பத்திரிகைகள் மூடப்பட்டன. வெர்தமின் குறிப்புகளைப் பின்னாளில் படித்துப்பார்த்த கரோல் டில்லி என்ற பேராசிரியர் 2012-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். பிள்ளைகள் சொன்னதை வெர்தம் மாற்றியிருக்கிறார், அவர்களுடைய வாழ்க்கையில் இருந்த மற்றச் சிக்கல்களை விட்டுவிட்டு காமிக்ஸ் மேல் பழி போட்டிருக்கிறார் என்று அதில் காட்டினார். அந்த விதித்தொகுப்பைக் கடைசிவரை வைத்திருந்த பதிப்பாளர்களும் கைவிட்டது 2011-ல், ஆன்யா வெளிவந்த அதே ஆண்டு. பிள்ளைகளைக் காப்பதாக நினைத்துச் செய்த காரியம், அவர்கள் படிக்கக்கூடிய நல்ல கதைகள் பலவற்றைப் பல பத்தாண்டுகளுக்குத் தள்ளிப்போட்டது என்பதில் எனக்கு இன்றும் கோபம் உண்டு.

சரி, தம்பிக்கு வருவோம். விருது முத்திரையை வயது முத்திரையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் நாட்டுக்காரர்களான மரிகோ தமாகி, ஜில்லியன் தமாகி இருவரின் 'திஸ் ஒன் சம்மர்' 2015-ல் கால்டெகாட் கௌரவம் பெற்றது. அந்த விருதைச் சின்னப் பிள்ளைகளின் படப்புத்தகங்களோடு சேர்த்தே பலர் நினைப்பார்கள். ஆனால் அது பதின்பருவத்தினருக்கான புத்தகம். அதிக எதிர்ப்பு வந்த புத்தகங்கள் என்று மேலே சொன்னேனே, 2016-க்கான அந்த நூலகச் சங்கப் பட்டியலில் முதல் இடத்தில் இருந்தது அதுதான். ஆன்யாவிலும் 8 வயதுப் பையனுக்கு எலும்புக்கூடு மட்டுமே பிடிபடும், மற்றதெல்லாம் புரியாத பயமாகத் தங்கிவிடும். எமிலி ஆன்யாவின் வீட்டாரையே மிரட்டும் இடம் வேறு இருக்கிறது, அவளுக்கும் ஒரு குட்டித் தம்பி உண்டு. உங்கள் மகன் அதை வைத்துக்கொண்டு ராத்திரி தூங்கமாட்டான். இன்னும் நான்கு வருஷம் போகட்டும், அக்காவே எடுத்துக் கொடுப்பாள்.

மகளிடம் சிகரெட்டைப் பற்றி விசாரிக்காதீர்கள். எமிலி மேல் உனக்குச் சந்தேகம் வந்தது எந்தப் பக்கத்தில் என்று மட்டும் கேளுங்கள். அதற்கு முன் நீங்கள் முழுதாகப் படித்திருக்கவேண்டும், இல்லையென்றால் அவள் உடனே கண்டுபிடித்துவிடுவாள். இருநூற்றுச் சொச்சம் பக்கம்தான், ஒரு மாலையில் முடிந்துவிடும். உங்கள் கணவரும் படிக்கட்டும். படித்த பிறகும் பள்ளிக்கு எழுதத்தான் வேண்டும் என்று அவருக்குத் தோன்றினால், முதலில் எனக்கு ஒரு கடிதம் போடச் சொல்லுங்கள், பேசுவோம்.