ஐஸ்லாந்து ஆடும் லோபாபேய்சாவும்: கேள்வி பதில்

ஐஸ்லாந்தின் கம்பளி ஸ்வெட்டரான லோபாபேய்சா பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

கோவை: ஸ்வெட்டர் உடம்பில் குத்துகிறது அக்கா. மட்டமான கம்பளியா?

இல்லை. இந்தக் கம்பளியைத் தரும் ஐஸ்லாந்து ஆட்டுக்கு இரண்டு அடுக்கு உரோமம் உண்டு. கத்தரித்த கற்றை ஒன்றை எடுத்து, நுனியை ஒரு கையிலும் அடியை மறு கையிலும் பிடித்து மெல்ல இழுத்துப் பாருங்கள். நீண்டு பளபளக்கும் முரட்டு இழைகள் ஒரு கையோடு வந்துவிடும்; மறு கையில் இலவம்பஞ்சு போல ஒரு பிடி மிஞ்சும். முரட்டு இழை ‘தோக்’. மழையையும் பனியையும் வழித்துவிடும். பஞ்சு ‘தெல்’, உடம்புச் சூட்டைப் பிடித்து வைக்கும். இரண்டையும் சேர்த்து, முறுக்கேற்றாமல் விட்ட இழைதான் லோபி. ஒற்றை இழையைக் கையால் இழுத்தாலே அறுந்துவிடும். பின்னிய பிறகோ வருடக்கணக்கில் உழைக்கும். குத்துவது தோக். உள்ளே முழுக்கைப் பருத்திச் சட்டை போடுங்கள்.

சேலம்: வாஷிங் மெஷினில் போடலாமா?

கூடாது. கம்பளி இழையின் மேல் செதில்கள் உண்டு. வெந்நீரும் உரசலும் சேர்ந்தால் அவை ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். பெரியவர் ஸ்வெட்டர் குழந்தைக்கும் பற்றாது. பூந்திக்கொட்டை ஊறிய குளிர்ந்த நீரில் அமிழ்த்தி எடுங்கள். பிழியாமல் துண்டில் சுருட்டி அழுத்தி, தரையில் விரித்து உலர்த்துங்கள். கொடியில் போட்டால் தொங்கி நீண்டுவிடும்.

தஞ்சாவூர்: வைகிங் வீரர்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அணிந்த உடைதானே இது?

இந்தக் கதையைக் கடைக்காரர்கள் சொல்லிச் சொல்லியே உண்மையாக்கிவிட்டார்கள். ஆடுதான் பழையது; 9, 10ஆம் நூற்றாண்டுகளில் குடியேறியவர்கள் கொண்டுவந்த இனம். இரண்டு ஊசிகளால் பின்னும் ஊசிப் பின்னல் ஐஸ்லாந்துக்கு வந்ததே 16ஆம் நூற்றாண்டில். கழுத்தைச் சுற்றித் தோள்வரை விரியும் அந்த வட்டக் கோலம் 20ஆம் நூற்றாண்டின் நடுவில் பரவியது.

தஞ்சாவூர், மீண்டும்: இங்கிலாந்தின் யார்க் நகரில் வைகிங் காலத்துக் காலுறை கிடைத்திருக்கிறதே!

நல்ல கேள்வி. அது ஊசிப் பின்னலே அல்ல. ஒற்றை ஊசியின் காதில் நூலைக் கோத்து, வளையத்துக்குள் வளையமாக முடிச்சிட்டுச் செய்தது. பின்னலில் ஓர் இழையை உருவினால் வரிசை வரிசையாகப் பிரிந்துவரும், அதில் பிரியாது. ஐஸ்லாந்தின் முன்னோர் பின்னவில்லை, நெய்தார்கள். ‘வத்மால்’ என்ற அவர்களுடைய கம்பளித் துணி பணமாகவே புழங்கியது. அந்தப் பெருமை போதாதா? இல்லாத வயதை லோபாபேய்சாவின் மேல் ஏற்ற வேண்டாம். இந்தக் காலத்துப் பெண்கள் கையால் உருவாக்கிய மரபை அது மறைத்துவிடுகிறது.

சென்னை: மெஷினில் ‘கம்பளி’ என்று ஒரு பொத்தான் இருக்கிறதே?

சேலத்துக்குச் சொன்னதே உங்களுக்கும். லோபியை எந்தப் பொத்தானையும் நம்பி விடாதீர்கள்.

மதுரை: வேறு ஆட்டோடு கலந்து உரோமத்தை மிருதுவாக்கக் கூடாதா?

கலப்பு ஆசை அந்த நாட்டை ஒருமுறை உலுக்கிவிட்டது. 1933இல் ஜெர்மனியிலிருந்து காராகுல் இன ஆடுகளை இறக்கினார்கள். பார்வைக்கு நலமாக இருந்த அவற்றோடு நோய்களும் வந்தன. மூச்சிரைத்துச் சாகும் நோயை ‘மேதி’ என்றும், உடல் வாடிச் சாகும் நோயை ‘விஸ்னா’ என்றும் அந்நாட்டார் அழைத்தார்கள். கால்நடை மருத்துவம் இன்றும் அந்தப் பெயர்களையே சொல்கிறது. மந்தை மந்தையாக வெட்டி அழித்து, நோயற்ற வட்டாரத்து ஆடுகளைக் கொண்டுவந்துதான் மீண்டார்கள். குளிருக்கும் காற்றுக்கும் அஞ்சாத இனத்துக்கு அந்த நோயை எதிர்க்கத் திராணி இல்லை. வெளி ஆட்டை உள்ளே விடாதீர்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

ஈரோடு: நீலகிரி ஆட்டுக் கம்பளி பற்றி?

என் துறை அல்ல. ஊட்டி அருகே சாண்டிநல்லா செம்மறி ஆராய்ச்சி நிலையத்தில் கேளுங்கள்.

ஊட்டி: பெட்டியில் வைத்த ஸ்வெட்டரில் ஓட்டை விழுந்திருக்கிறது.

அந்துப்பூச்சியின் புழு. வியர்வை படிந்த இடத்தை முதலில் தின்னும். அடுத்த முறை துவைத்து, நன்றாக உலர்த்தி, காற்றுப் புகாத பையில் கட்டி வையுங்கள். ஓட்டையை அதே நிற லோபியால் இழையோட்டி மூடலாம்.

திருச்சி: வெந்நீரில் ஒரே ஒரு முறை?

வேண்டாம்.