8 வாட் டியூப் ஆம்புக்கு எந்த ஸ்பீக்கர் ஒத்துவரும்?

கேள்வி இது: சானலுக்கு ஒரே ஒரு 300பி பவர் டியூப் உள்ள சிங்கிள் எண்டட் ஆம்ப், சானலுக்கு 8 வாட். அறை 12க்கு 14 அடி. "90 டெசிபல், 4 ஓம், டியூப் ஆம்புக்கு உகந்தது" என்று எழுதியிருக்கும் ஸ்பீக்கரை வாங்கலாமா?

வேண்டாம். அந்த 90 என்பது சென்சிடிவிட்டி, அதாவது குறிப்பிட்ட வோல்டேஜுக்கு ஸ்பீக்கர் எவ்வளவு சத்தம் தரும் என்ற அளவு. முதலில் அது எப்படி வந்தது என்று பாருங்கள். ஸ்பெக் தாளில் "2.83 வோல்ட், 1 மீட்டர்" என்றிருக்கும். 2.83 வோல்ட் 8 ஓமில் 1 வாட், 4 ஓமில் 2 வாட். ஆக, 4 ஓம் ஸ்பீக்கருக்கு 3 டெசிபலைக் கழித்துவிட வேண்டும். உங்கள் 90 உண்மையில் 87தான்.

இனி சத்தக் கணக்கு. 8 வாட் என்பது 1 வாட்டை விட 9 டெசிபல் கூடுதல். 87டன் 9 சேர்த்தால் 1 மீட்டரில் 96. மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் சாதாரண அறையில் ஏறக்குறைய 6 போகும், இரண்டு ஸ்பீக்கர் பாடுவதால் 3 திரும்பி வரும். உச்சம் 93. இசையில் உச்சம் சராசரியை விட 12 முதல் 15 டெசிபல் மேலே நிற்கும் என்பதால் நீங்கள் கேட்கக்கூடிய சராசரி 80 அளவில்தான். வீணை, தனிக்குரலுக்குப் போதும். தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கம் ஓங்கும்போது ஆம்ப் திணறும். இதே ஆம்பில் 94 டெசிபல் ஸ்பீக்கரை மாட்டினால் 7 டெசிபல் கிடைக்கிறது, அதாவது 40 வாட் ஆம்ப் வாங்கியதற்குச் சமம்.

ஆனால் சென்சிடிவிட்டி பாதி விஷயம்தான். பலர் கோட்டைவிடுவது இம்பீடன்ஸ் வரைபடத்தில், அதாவது ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் ஸ்பீக்கர் எத்தனை ஓம் காட்டுகிறது என்ற படத்தில். "8 ஓம்" என்பது பெயருக்குத்தான். அதே ஸ்பீக்கர் ஒரு இடத்தில் 4 ஓமுக்கு இறங்கும், கிராஸ்ஓவர் (ஒலியை வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் பிரித்துக் கொடுக்கும் சர்க்யூட்) பக்கம் 20க்கு ஏறும். டிரான்சிஸ்டர் ஆம்பின் சொந்த அவுட்புட் இம்பீடன்ஸ் மிகக் குறைவு என்பதால் அதற்கு இது பெரிய விஷயமில்லை. ஃபீட்பேக் (அவுட்புட்டின் ஒரு பகுதியை உள்ளே திருப்பிவிட்டுப் பிழை திருத்துவது) இல்லாத 300பி ஆம்பின் அவுட்புட் இம்பீடன்ஸோ 8 ஓம் டேப்பில் (ஸ்பீக்கர் மாட்டும் 8 ஓம் முனையில்) 2.5, 3 ஓம் வரை இருக்கும். 3 ஓம் என்று வைத்துப் போடுங்கள்: 4 ஓம் இடத்தில் வோல்டேஜில் ஸ்பீக்கருக்குப் போவது 4/7, 20 ஓம் இடத்தில் 20/23. வித்தியாசம் 3.6 டெசிபல். நீங்கள் திருகாத டோன் கண்ட்ரோலை ஸ்பீக்கரே திருகிவிடுகிறது. கிராஸ்ஓவர் மேட்டில் வயலின் துருத்தும். பேஸ் மேட்டில் மிருதங்கத்தின் தொப்பி ஒலி "தும்" என்று விழுந்து அடங்காமல் "தூம்ம்" என்று இழுக்கும். "டியூப் சவுண்டே இப்படித்தான்" என்று பலர் சொல்வது பெரும்பாலும் இந்தப் பொருத்தமின்மையைத்தான்.

ஆகவே வரைபடம் கேளுங்கள். குறைந்தபட்சம் 6 ஓமுக்குக் கீழே இறங்காததாக, மேடு பள்ளம் குறைவானதாக இருக்க வேண்டும். கிராஸ்ஓவரே இல்லாமல் ஒரே கோன் முழு ஒலியையும் பாடும் ஃபுல்ரேஞ்ச் டிரைவரைப் பேக்லோடட் ஹார்ன் பெட்டியில் (கோனின் பின்பக்க ஒலியை ஹார்ன் வழியே வெளியே விடுவது) வைத்தது, அல்லது பெரிய பேப்பர் கோன் வூஃபரும் எளிய கிராஸ்ஓவரும் உள்ள டூவே, இந்த இரண்டிலும் தேடுங்கள். கிளிப்ஷ் ஹெரசி போன்ற ஹார்ன் வகையில் நிறுவனக் கணக்கு 99 டெசிபல். சத்தத்துக்குப் பஞ்சமில்லை, கீழே சுமார் 50 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். ஆழமான பேஸ், சின்னப் பெட்டி, உயர்ந்த சென்சிடிவிட்டி மூன்றும் ஒரே பெட்டியில் கிடைக்காது. பிபிசி வடிவமைத்த எல்எஸ்3/5ஏ என்ற சின்ன ஸ்பீக்கர் டியூப் ஆம்புக்குப் பேர்போனது. பழைய மாடல் 15 ஓம், டியூபுக்குச் சுலபமான சுமை. ஆனால் சென்சிடிவிட்டி 82, 83தான். அதற்கு ஈஎல்34 டியூப்கள் ஜோடியாக வேலை செய்யும் புஷ்புல் மாதிரி 30 வாட் ஆம்ப் சரி, 8 வாட் போதாது.

பழைய ஸ்பீக்கரில் வரைபடம் கிடைக்காவிட்டால், ஆம்பிலிருந்து கழற்றிவிட்டு, மல்டிமீட்டரை ஓம் பக்கம் வைத்து டெர்மினலில் தொடுங்கள். 6 ஓம் சுற்றி காட்டினால் 8 ஓம் ஸ்பீக்கர். மூன்று சொச்சம் காட்டினால் 4 ஓம். இது டிசி ரெசிஸ்டன்ஸ் மட்டுமே, பள்ளங்களைக் காட்டாது.

வாங்கிய பிறகு பேஸ் தளர்வாக இருந்தால் 8 ஓம் ஸ்பீக்கரை 4 ஓம் டேப்புக்கு மாற்றிக் கேளுங்கள். அவுட்புட் இம்பீடன்ஸ் பாதியாகும், வாட் கொஞ்சம் குறையும், தொப்பி ஒலி இறுகும். 300பி போன்ற டிரையோடுக்கு (மூன்று மின்முனை டியூபுக்கு) இது பெரும்பாலும் நல்லது செய்யும். மறுதலையாக 4 ஓம் ஸ்பீக்கரை 16 ஓம் டேப்பில் மாட்டாதீர்கள்.

டேப் மாற்றும்போது ஆம்பை அணைத்துவிட்டு மாற்றுங்கள். ஸ்பீக்கர் இல்லாமல் பாட்டு ஓடினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரியில் வோல்டேஜ் எகிறி இன்சுலேஷன் பழுதாகலாம், டியூப் சாக்கெட்டில் பொறி பறக்கலாம். லூசான பனானா பிளக் ஒன்றே அதற்குப் போதும், இரண்டு பக்கமும் இழுத்துப் பார்த்துவிட்டுச் சுவிட்சைப் போடுங்கள்.