துள்ளும் மீன் யாருடையது?

அன்புள்ள ஐயா,

வணக்கம். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் வெஸ்டெரோஸ் கதைகளுக்கான ரசிகர் விக்கி ஒன்றில் ஆறு மாதமாக எழுதி வருகிறேன். டல்லி குலத்தின் சின்னத்துக்கு இணையத்தில் தேடி அழகான படம் ஒன்றை எடுத்து ஏற்றினேன் (இணைத்திருக்கிறேன்). மூன்றாம் நாளே நீக்கிவிட்டார்கள். சின்னம் நூலில் உள்ளபடி இல்லையாம், வரைந்தவரின் அனுமதியும் இல்லையாம். கற்பனைக் குலம், கற்பனைக் கேடயம். இதில் சரி தப்பை யார் சொல்வது? அனுமதியை யாரிடம் கேட்பது? நீங்கள் பல வருடம் இந்த வேலையைச் செய்தவர் என்பதால் கேட்கிறேன். மனசு விட்டுப்போய்விட்டது.

கே.

அன்புள்ள கே.,

மனசு விட வேண்டாம். நீக்கியவர் உங்கள் உழைப்பை மதிக்காதவர் இல்லை. காரணத்தை எழுதிவிட்டுத்தான் நீக்கியிருக்கிறார். காரணம் சொல்லாமல் நீக்குகிற இடங்களும் உண்டு.

முதலில் சின்னம். ஐரோப்பியக் குலச்சின்ன மரபில் சின்னம் என்பது படம் இல்லை, ஒரு வாக்கியம். அந்த வாக்கியத்துக்கு பிளேசன் என்று பெயர். 'நீல நிலம், மேலே பொன்னில் ஒரு சாய்வுப் பட்டை' என்று எழுதிவிட்டால் சின்னம் முடிந்தது (நிலம் என்றால் கேடயத்தின் பின்னணி). பத்து ஓவியர்கள் அதைப் பத்து விதமாக வரையலாம். வாக்கியத்தை மீறாதவரை பத்தும் சரி.

இந்த நீலமும் பொன்பட்டையும் நான் சும்மா சொன்ன உதாரணம் இல்லை. 1385இல் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ரிச்சர்ட் ஸ்காட்லாந்து மீது படையெடுத்துப் போனார். அந்தப் படையில் ஸ்க்ரோப், க்ரோவ்னர் என்ற இரண்டு பேரும் இதே சின்னத்தை அணிந்திருந்தார்கள். அது யாருடையது என்ற வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தது, நூற்றுக்கணக்கானோர் சாட்சி சொன்னார்கள். அவர்களில் ஒருவர் ஆங்கிலக் கவிஞர் சாசர். லண்டனின் ஃப்ரைடே தெருவில் நடந்துகொண்டிருந்தபோது இந்தச் சின்னம் புதிதாகத் தொங்குவதைப் பார்த்தாராம். ஸ்க்ரோப்பின் சின்னத்தை இங்கே மாட்டியிருப்பது யார் என்று விசாரித்திருக்கிறார். இது ஸ்க்ரோப்புடையது இல்லை, க்ரோவ்னர் என்பவருடையது என்று பதில் வந்தது. அப்படி ஒரு பெயரை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேள்விப்பட்டேன் என்று சாட்சி சொன்னார். 1390இல் மன்னர் ஸ்க்ரோப் பக்கம் முடிவு சொன்னார். க்ரோவ்னர் குடும்பம் அப்புறம் நீலத்தில் பொன் கோதுமைக்கட்டுக்கு மாறியது. தெருவில் ஒரு படத்தைப் பார்த்ததும் 'இது யாருடையது' என்று நின்று கேட்டாரே, விக்கியில் நாம் செய்யும் வேலையும் அதுதான் என்று எனக்குத் தோன்றும்.

இனி உங்கள் மீன். மார்ட்டினின் நாவலின் பின்னிணைப்பில் டல்லி சின்னம் இருக்கிறது: வெள்ளியில் துள்ளும் டிரவுட் மீன், அலையலையான நீலமும் சிவப்பும் கலந்த நிலம். நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மீனின் செதில்களில் நல்ல வேலைப்பாடு, ஆனால் மீன் பொன்னிறம். நிலம் முழுக்க நீலம், சிவப்பே இல்லை. மீன் பார்ப்பது நம் வலப்பக்கம். குலச்சின்னத்தில் இடமும் வலமும் கேடயத்தைப் பிடித்திருப்பவரின் கணக்கு. தனியாகக் குறிப்பிடாவிட்டால் விலங்கு அவருடைய வலப்பக்கம் பார்க்க வேண்டும், அதாவது நமக்கு இடப்பக்கம்.

அலை எந்தத் திசையில் ஓடுகிறது என்று நூல் சொல்லவில்லை. நெடுக்குப் பட்டைகளுக்கு ஒரு சொல், குறுக்குப் பட்டைகளுக்கு வேறு சொல் என்று பிளேசன் மொழி பிரித்தே வைத்திருக்கிறது. மார்ட்டின் அந்த மொழியில் எழுதவில்லை, சாதாரண ஆங்கிலத்தில் எழுதினார். ஆகவே இரண்டு விதமாகவும் வரையலாம். ஆனால் 'திசை வரைந்தவரின் தேர்வு, நூலில் இல்லை' என்று விக்கியில் படத்துக்கான கோப்புப் பக்கத்தில் ஒரு வரி எழுதியே ஆக வேண்டும். அது இல்லாவிட்டால் அடுத்து வருபவர் அதையும் நூலில் உள்ளது என்றே நம்பிவிடுவார்.

நூல் பேசாத இடத்தில் மரபைப் பின்பற்றலாம். நூல் பேசிய இடத்தில் மரபை வைத்து நூலைத் திருத்தக் கூடாது. இதை நான் பிடிவாதமாகவே சொல்வேன். அதே கதைகளில் வரும் டார்கேரியன் குலத்தின் சின்னத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: கருப்பு நிலத்தில் சிவப்பு நிறத்தில் மூன்று தலை டிராகன். பொன்னும் வெள்ளியும் உலோகம், மற்றவை நிறம், நிறத்தின் மேல் நிறம் வைக்கக் கூடாது என்பது பழைய விதி. அந்த விதிப்படி இந்தச் சின்னமே தப்பு. அதற்காக டிராகனைப் பொன்னாக்கினால் அது டார்கேரியன் சின்னமாக இருக்காது. டிராகனின் கால் விஷயத்தில் இப்படித்தான் ஆனது போலிருக்கிறது. பிரிட்டிஷ் மரபில் டிராகனுக்கு நான்கு கால், இரண்டு கால் இருந்தால் அது வைவர்ன். மார்ட்டினின் டிராகன்களுக்கோ இரண்டு கால்தான். பறவைக்கும் வௌவாலுக்கும் இருப்பதுபோல இரண்டு கால், இரண்டு இறக்கை என்று யோசித்துச் செய்தது அது. இந்தக் கதைகளை வைத்து எடுத்த 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொலைக்காட்சித் தொடரின் சின்னத்தில் பிற்பாடு நான்கு கால் முளைத்துவிட்டது. 2024 ஜூலையில் அவரே தன் வலைப்பதிவில் இதைச் சொல்லி வருத்தப்பட்டார். இதனால்தான் தொடரின் சின்னமும் நூலின் சின்னமும் விக்கியில் தனித்தனிக் கோப்புகளாக இருக்க வேண்டும். நாவலில் ஸ்டார்க் குலத்தின் ஓநாய் பனிவெள்ளை நிலத்தில் முழு உடலோடு ஓடுகிறது, தொடரில் தலை மட்டும்தான்.

அடுத்தது அனுமதி. வாக்கியம் ஒன்றே என்றாலும் அதைப் பார்த்து ஒருவர் வரைந்த மீன் அவருடையது. அவருடைய கோடு, அவர் போட்ட நிழல், அவர் செலவிட்ட இரவு. கற்பனைக் குலம் என்பதால் வரைந்தவரும் கற்பனை ஆகிவிடமாட்டார்.

எனக்கு இது புரிந்தது ஒரு தவறு செய்த பிறகுதான். ஆரம்ப நாட்களில் ஓர் ஓநாய்ப் படத்தை எடுத்து, கேடய வடிவத்துக்குள் அடங்க வேண்டும் என்று ஓரங்களை வெட்டி ஏற்றினேன். கீழ் மூலையில் பின்னங்காலுக்கு அடியில் எள்ளளவில் ஒரு கையெழுத்து இருந்தது. அதுவும் சேர்ந்து வெட்டுப்பட்டுவிட்டது. சில மாதம் கழித்து வரைந்தவரே எழுதினார். படத்தைப் போட்டதில் எனக்குக் கோபமில்லை, என் பெயரை ஏன் வெட்டினீர்கள் என்று மட்டும் கேட்டிருந்தார். அந்த வரியை என்னால் மறக்க முடியவில்லை. மன்னிப்புக் கேட்டு, முறைப்படி அனுமதியும் கேட்டேன். பின்னணி இல்லாத பெரிய கோப்பையே அனுப்பிவைத்தார். உரிமையை விற்றுவிட்ட பிறகும் 'இது என் படைப்பு' என்று சொல்லும் உரிமை படைப்பாளிக்கு உண்டு என்கிறது நம் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு. நான் அதைப் படித்தது அதற்குப் பிறகுதான்.

கேட்கும்போது தெளிவாகக் கேளுங்கள். 'உங்கள் தளத்தில் போட்டுக்கொள்ளுங்கள்' என்று அவர் சொன்னால் அது அந்தத் தளத்துக்கு மட்டும்தான், அங்கிருந்து வேறு யாரும் எடுக்க முடியாது. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் (யாரும் சில நிபந்தனைகளோடு பயன்படுத்தலாம் என்று படைப்பாளியே தரும் பொது அனுமதி) தருகிறார் என்றால் எந்த உரிமம், எந்தப் பதிப்பு என்று எழுதி வாங்குங்கள். மாற்றம் கூடாது என்கிற உரிமம் என்றால் மீனின் நிறத்தைத் திருத்திக்கூட வெளியிட முடியாது. பதில் வந்த தேதியையும் கோப்புப் பக்கத்தில் குறித்துவையுங்கள். ஓவியர்கள் கணக்கை மூடிவிட்டுப் போய்விடுவார்கள், அப்போது நம்மிடம் இருப்பது அந்தக் குறிப்பு மட்டும்தான். பதிலே வராவிட்டால் அது சம்மதம் ஆகாது.

காசு வாங்காத ரசிகர் தளம்தானே, ஃபேர் யூஸ் (அனுமதி இல்லாமலே எடுத்தாளச் சட்டம் தரும் விலக்கு) என்று சொல்லிவிடலாமே என்று கேட்பீர்கள். அமெரிக்கச் சட்டத்தில் அதற்கு நான்கு அம்சங்களைப் பார்க்கிறார்கள். லாப நோக்கம் இருக்கிறதா என்பது அதில் ஒன்றின் ஒரு பகுதி, அவ்வளவுதான். வாக்கியத்தைப் படித்து நாமே வரைய முடியும் என்கிறபோது இன்னொருவர் படத்தை எடுப்பதற்கு என்ன நியாயம் சொல்வோம்?

ஆகவே நீங்களே வரையுங்கள். இங்க்ஸ்கேப் என்ற வரையும் மென்பொருள் இலவசம்தான். ஆனால் அந்தப் பொன்மீனைக் கீழே வைத்து அதன் மேல் கோடு இழுக்காதீர்கள், அது பிரதி எடுப்பதுதான். நூலின் வரியைத் தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, டிரவுட் மீனின் நிழற்படங்கள் நாலைந்து பார்த்துவிட்டு, வெறும் பக்கத்தில் தொடங்குங்கள். அந்த உலகம் மார்ட்டினுடையது என்பதால் சட்டையில் அச்சடித்து விற்க உங்கள் படம் உதவாது. குலத்தின் பக்கத்தில் வைக்கப் போதும். நீக்கியவருக்கும் இரண்டு வரி எழுதி, புதிதாக வரைகிறேன் என்று சொல்லிவிடுங்கள்.

முடிந்ததும் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். அலையை நெடுக்காக ஓடவிட்டீர்களா, குறுக்காகவா என்று பார்க்க ஆசையாக இருக்கிறது.

அன்புடன்.