பாளையங்கோட்டையா தூத்துக்குடியா, எங்க வீடு வாங்கலாம்?

கேள்வி: அண்ணாச்சி வணக்கம். நானும் வீட்டுக்காரியும் ரெண்டு பேருமே வேலைக்குப் போறோம். எனக்கு தூத்துக்குடில ஹார்பர் சம்பந்தப்பட்ட ஒரு தனியார் லாஜிஸ்டிக்ஸ் கம்பெனி, கைக்கு 58,000 வருது. அவ பாளையங்கோட்டைல ஒரு எய்டட் (அரசு உதவி பெறுற) ஸ்கூல்ல டீச்சர், பிடித்தம் போக 46,000. மக மூணாங்கிளாஸ், அதே ஸ்கூல்தான். இப்ப மகாராஜநகர்ல 9,500 வாடகைக்கு இருக்கோம், நான் தினமும் பஸ்ல தூத்துக்குடி போய்ட்டு வாரேன். சேமிப்பு 22 லட்சம் இருக்கு, போக 30 பவுன் நகை. ரெண்டு வீடு பாத்து வச்சிருக்கோம். ஒண்ணு ரெட்டியார்பட்டி ரோட்டுல புது வீடு, 62 லட்சம் சொல்லுதாங்க, அதே தெருவுல அதே மாதிரி வீடு 13,000 வாடகைக்குப் போகுது. இன்னொண்ணு தூத்துக்குடி மூணாவது மைல் பக்கம் 9 வருஷத்து வீடு, 48 லட்சம். வின்ஃபாஸ்ட் கார் கம்பெனி வந்தாச்சு, ஏர்போர்ட் பெருசாயிட்டு, இப்ப விட்டா பிடிக்க முடியாதுன்னு புரோக்கர் அவசரப்படுத்துதாரு. அப்பா அம்மா சேரன்மகாதேவில இருக்காங்க. பொம்பளைங்க பேர்ல பதிஞ்சா செலவு கம்மியாமே, லோன் போட்டா வரியும் மிச்சமாமே, எந்த ஊர்ல வாங்கட்டும்?

பதில்: தம்பி, விலைய மட்டும் பாத்தா தூத்துக்குடி வீடு 14 லட்சம் கம்மி, அதனால மனசு அந்தப் பக்கம் சாயுது, அதுல ஒண்ணும் தப்பில்ல. ஆனா உங்க லெட்டர்ல எனக்கு முக்கியமா பட்டது விலை இல்ல. உங்க ரெண்டு பேர் வேலைல எது ஊர் மாறும் எது மாறாதுங்கிறதுதான். நீங்க இருக்கிறது தனியார் லாஜிஸ்டிக்ஸ், நாளைக்கே சென்னை ஆபீஸுக்குப் போங்கம்பாங்க, இல்ல கொச்சில ஒருத்தன் 20,000 கூட தாரேன்னு கூப்பிடுவான், நீங்களும் போகத்தான் செய்வீங்க, போகணும், உங்க வயசுல சம்பளம் ஏறுறதே அப்படித்தான். உங்க வீட்டம்மா வேலை அப்படி இல்ல. எய்டட் ஸ்கூல் போஸ்டிங் அந்த நிர்வாகத்தோட சேர்ந்தது, கவர்மெண்ட் ஸ்கூல் டீச்சர் மாதிரி கவுன்சிலிங்ல தூத்துக்குடிக்கு மாத்தல் வாங்கிட்டு வர முடியாது, போனா அதே நிர்வாகத்தோட இன்னொரு ஸ்கூலுக்குத்தான் போக முடியும். ரிட்டயர் ஆகுற வரைக்கும் அந்தச் சம்பளம் பெரும்பாலும் பாளையங்கோட்டைலதான் வரும். அதனால வாங்குறது பாளையங்கோட்டைல வாங்குங்க. ஆனா இந்த 62 லட்சம் வீடு வேண்டாம், இந்த வருஷமும் வேண்டாம். ஏன்னு கணக்கோட சொல்லுதேன்.

முதல்ல 62 லட்சத்தைப் பாப்போம். 30 லட்சத்துக்கு மேல 75 லட்சம் வரைக்கும் உள்ள கடனுக்கு பேங்க் வீட்டு மதிப்புல 80% வரைக்குந்தான் தரலாம், அது ரிசர்வ் பேங்க் ரூல். அப்ப கூடுனபட்சம் 49.6 லட்சம். மீதி 12.4 லட்சம் உங்க கையில இருந்து. அதோட பத்திரச் செலவு, ஸ்டாம்ப் ட்யூட்டி 7%, பதிவுக் கட்டணம் 2%, ஆக 9%, முழு விலைக்குப் பதிஞ்சா 5.58 லட்சம், இதுக்கு பேங்க்ல கடன் கிடையாது. ரெண்டும் சேந்து 18 லட்சம் போயிட்டு. லீகல் ஒப்பினியன், வேல்யூவேஷன், இபி பேர் மாத்துறது, கப்போர்டு, கிரில்லு எல்லாத்துக்கும் மிச்சம் இருக்கிற 4 லட்சந்தான், அப்புறம் ஆஸ்பத்திரி செலவுக்குன்னு கையில ஒரு ரூபா இருக்காது. இஎம்ஐ 8% வட்டி 20 வருஷம்னு போட்டா ஏறக்குறைய 41,500. உங்க ரெண்டு பேர் சம்பளமும் சேத்து 1,04,000, அதுல பத்துல நாலு பங்கு பேங்க்குக்குப் போயிடும். 20 வருஷத்துல வட்டி மட்டும் ஏறக்குறைய 50 லட்சம் கட்டுவீங்க. நீங்க வேலை மாறுற நேரத்துல நடுவுல ஒரு மூணு மாசம் சம்பளம் இல்லன்னா உங்க வீட்டம்மா சம்பளம் 46,000ல 41,500 கட்டிட்டு என்னத்த சாப்பிடுவீங்க? இந்த ஒரு கேள்விக்குப் பதில் இல்லன்னா அந்த வீடு உங்களுக்குப் பெரிய வீடுதான்.

வாடகைய நீங்களே எழுதியிருக்கீங்க பாருங்க, அதே மாதிரி வீடு 13,000. வருஷத்துக்கு 1,56,000. 62 லட்சத்துக்கு அது 2.5%. 8% வட்டிக்கு வாங்கி 2.5% வாடகை மிச்சம் பிடிக்கிற கணக்கு இது. சொந்த வீடுங்கிறது வெறும் கணக்கு இல்லன்னு எனக்கும் தெரியும், சுவத்துல ஒரு ஆணி அடிக்க வீட்டுக்காரர்கிட்ட கேட்டு நிக்க வேண்டாம், அது பெரிய நிம்மதி. ஆனா இன்னும் ஒரு வருஷம் வாடகைல இருந்தா குடி முழுகிப் போகாதுங்கிறதுக்காக இதைச் சொல்லுதேன்.

இப்ப தூத்துக்குடி. 48 லட்சத்துக்கு 38.4 லட்சம் கடன், இஎம்ஐ 32,100, பத்திரச் செலவோட கைக்காசு 14 லட்சம். பேப்பர்ல அருமையா இருக்கு, மாசம் 9,400 கம்மி. ஆனா அங்க குடி போனா தினமும் 50 கிலோமீட்டர் போய் 50 கிலோமீட்டர் வரப் போறது உங்க வீட்டம்மாவும் ஒரு எட்டு வயசுப் பிள்ளையும். காலைல பிரேயருக்கு முன்னால ஸ்கூல்ல நிக்கணும்னா பிள்ளைய எத்தனை மணிக்கு எழுப்புவீங்க? வேண்டாம், கார் எடுத்துடலாம்னு நினைச்சா ஒரு நாளைக்கு 100 கிலோமீட்டர், 16 மைலேஜ் வச்சாலும் ஆறு லிட்டருக்கு மேல பெட்ரோல், மாசம் 13,000 தாண்டும், நடுவுல டோல் வேற, கார் டியூ தனி. நீங்க மிச்சம் பிடிச்ச 9,400 அதுலயே கரைஞ்சு போச்சு. நீங்க ஒத்த ஆளு பஸ்ல போறதும் அவங்க ரெண்டு பேர் போறதும் ஒண்ணா தம்பி?

அடுத்தது அந்த ஒன்பது வருஷ வீடு. தூத்துக்குடி நல்ல ஊர், சம்பாதிக்கத் தெரிஞ்ச ஊர், நான் குறையா சொல்லல. ஆனா கடல் காத்துல உப்பு உண்டு, அது கான்கிரீட்டுக்குள்ள இறங்கி கம்பியப் பிடிக்கும். அதனால அந்த ஊர்ல பழைய வீடு பாக்கப் போறவங்க யாரா இருந்தாலும் ஹால் டைல்ஸையும் மாடுலர் கிச்சனையும் பாத்து மயங்காம வெளிய வந்து சன்ஷேடுக்கு அடியில நின்னு அண்ணாந்து பாருங்க. கம்பி ஓடுற கோட்டுலயே நீளமா மயிர்க்கோடு மாதிரி விரிசல் இருக்கா, பூச்சு உப்பலா நிக்கா, பழுப்பா துருத்தண்ணி வடிஞ்ச தடம் இருக்கா, ஒரு இடத்துல மட்டும் புதுசா பெயிண்ட் அடிச்சு மறைச்சிருக்கான்னு பாருங்க. ஒரு சாவியால தட்டுங்க, கிண்ணுன்னு கேட்டா சரி, பொத்துன்னு கேட்டா உள்ள பூச்சு விட்டுட்டுன்னு அர்த்தம். அப்புறம் மொட்டைமாடி டேங்க் குழாயில வெள்ளையா உப்பு கட்டியிருக்கான்னு பாருங்க. மாநகராட்சி தாமிரபரணித் தண்ணி வல்லநாட்டுல இருந்து பைப்புல வருது, அது குடிக்க நல்ல தண்ணி, ஆனா கடலோரத்துல போர் போட்டா பெரும்பாலும் உப்புத்தான். பாத்ரூமுக்கும் துணி துவைக்கிறதுக்கும் எந்தத் தண்ணி, லாரித் தண்ணி வாங்குதாங்களா, மாசம் எவ்வளவு ஆகுதுன்னு பக்கத்து வீட்டு அக்காகிட்ட கேளுங்க, விக்கிறவர்கிட்ட கேக்காதீங்க.

மழை விஷயம் ரெண்டு ஊருக்கும் பொது. 2023 டிசம்பர் 17, 18 நீங்களே பாத்திருப்பீங்க. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் பெஞ்சுது. ஸ்ரீவைகுண்டத்துல ரயிலே நின்னு ஜனங்க உள்ளயே மாட்டிக்கிட்டாங்க. தூத்துக்குடி தரை சமதரை, கடல் மட்டத்தை ஒட்டுன ஊர், கோரம்பள்ளம் குளம் வேற உடைஞ்சு நிறைய தெருவுல தண்ணி நாள்கணக்குல வடியவே இல்ல. திருநெல்வேலி மட்டும் தப்பிச்சுதா? ஜங்ஷன், சிந்துபூந்துறை, மீனாட்சிபுரம், கொக்கிரகுளம், வண்ணார்பேட்டைன்னு ஆத்தங்கரைய ஒட்டுன இடமெல்லாம் ஆத்துத் தண்ணி ஏறிட்டு, கலெக்டர் ஆபீஸ் வளாகம் வரைக்கும். அதனால பாளையங்கோட்டைன்னு ஊர் பேரைச் சொல்லி வாங்காதீங்க, தெருவைப் பாத்து வாங்குங்க. அந்த டிசம்பர்ல இந்தத் தெருவுல தண்ணி எதுவரைக்கும் நின்னுது, எத்தனை நாள் நின்னுதுன்னு முக்குக் கடைல கேட்டா உள்ளதைச் சொல்லிடுவாங்க, காம்பவுண்டு சுவத்துல தடமும் சில இடத்துல இன்னும் இருக்கும். கூடவே அ-பதிவேட்டுலயும் (கிராம நிலப் பதிவேடு) எஃப்எம்பி ஸ்கெட்ச்லயும் (நில அளவு வரைபடம்) அந்த சர்வே நம்பரைப் போட்டுப் பாத்து பக்கத்துல குளம், ஓடை, வாய்க்கால் புறம்போக்கு ஓடுதான்னு பாத்துக்கோங்க. பாளையங்கால்வாய்ப் பாசனத்துல இருந்த வயக்காடெல்லாம் இப்ப பிளாட்டா நிக்கு, தண்ணி தன்னோட பழைய வழிய மறக்காது. நான் ஒரு வருஷம் பொறுக்கச் சொல்லுததுக்கு இதுவும் ஒரு காரணம், ஐப்பசி கார்த்திகை மழை ஒண்ணு முடியட்டும், பிடிச்ச தெருவுக்கு மழை பேஞ்ச மறுநாள் காலைல ஒரு நடை போய்ட்டு வாங்க.

புரோக்கர் சொல்லுத வின்ஃபாஸ்ட் விஷயம் பொய்யில்ல. சில்லாநத்தம் சிப்காட் தொழிற்பேட்டைல 2025 ஆகஸ்ட்ல ஃபேக்டரி திறந்தாச்சு, முதல் கட்டமா வருஷத்துக்கு 50,000 வண்டி எடுக்கிற அளவுக்குன்னு சொல்லியிருக்காங்க. வாகைக்குளம் ஏர்போர்ட்ல 2025 ஜூலைல புது டெர்மினல் திறந்தாச்சு. இதெல்லாம் தூத்துக்குடிக்கு நல்லது, நமக்கும் நல்லது, வாகைக்குளம் ரெண்டு ஊருக்கும் நடுவுலதான இருக்கு. அதே மாதிரி இந்தப் பக்கமும் கங்கைகொண்டான் சிப்காட்ல டாடா சோலார் ஃபேக்டரி வந்திருக்கு. ஆனா குடியிருக்கிற வீட்டோட விலை ஏறுனா உங்களுக்கு என்ன லாபம், அதை வித்துட்டு அதே ஊர்ல இன்னொண்ணு வாங்கணும்னா அதுவும் ஏறித்தான இருக்கும்? விலை ஏறும்னு வாங்குறது முதலீடு, அதுக்குத் தனியா பணம் வேணும், இருக்கிற ஒரே 22 லட்சத்தை அதுக்குக் கொண்டுபோய் வைக்கக் கூடாது.

பொம்பளைங்க பேர்ல பதிஞ்சா பதிவுக் கட்டணத்துல 1% சலுகைங்கிறது 2025 ஏப்ரல்ல இருந்து இருக்கு, ஆனா 10 லட்சம் வரை மதிப்புள்ள சொத்துக்கு மட்டும், உங்க வீட்டுக்கு வராது. ஆனாலும் வீட்டம்மா பேரையும் சேத்து ஜாயிண்டா பதியுங்க, நாளைக்கு உங்க வேலை ஊர் மாறுனாலும் வீடு சம்பந்தமான வேலை எதுவும் நிக்காது. வரி மிச்சம்ங்கிறதையும் மறந்துருங்க. புது வரி முறைல சம்பளக்காரங்களுக்கு 12.75 லட்சம் வரைக்கும் வரியே கிடையாது, உங்க ரெண்டு பேர் சம்பளமும் தனித்தனியா அதுக்குள்ள வந்துரும், இல்லாத வரிய எப்படி மிச்சம் பிடிக்க? நகைய அடகு வைக்கிற யோசனை இருந்தா விட்டுருங்க, அது மழைக்காலத்துக்கு.

இனி செய்ய வேண்டியது. அடுத்த மாசத்துல இருந்து இஎம்ஐ கட்டுற மாதிரி நினைச்சுக்கிட்டு 41,500ல வாடகை 9,500 போக மீதி 32,000ஐ சம்பளம் வந்த அன்னைக்கே பேங்க்ல ஆர்டில (மாசாமாசம் கட்டுற தொடர் வைப்பு) போடுங்க. ஒரு மாசம் கூட விடாம 12 மாசம் போட முடிஞ்சா 3.84 லட்சம் சேரும், வட்டி தனி. ரெண்டு மாசத்துல மூச்சு முட்டுனா அந்த இஎம்ஐ உங்களால முடியாதுன்னு பேங்க்ல மாட்டாமலே தெரிஞ்சுக்கிட்டீங்க. வருஷக் கடைசில கையில 26 லட்சம் பக்கம் இருக்கும். அப்ப 52 லட்சத்துக்குள்ள பாருங்க, 16 லட்சம் கைக்காசு போட்டு 36 லட்சம் மட்டும் கடன் வாங்குனா இஎம்ஐ 30,100, பத்திரச் செலவு 4.68 லட்சம் போனாலும் 5 லட்சம் கையில நிக்கும். நீங்க வேலை இல்லாம இருந்தாலும் வீட்டம்மா சம்பளத்துல வீடு தாங்கும். பட்ஜெட் பத்தலன்னா விஎம் சத்திரம், கேடிசி நகர் பக்கம் தேடுங்க, கேடிசி நகர் தூத்துக்குடி ரோட்டுலயே இருக்கு, பஸ் ஏற உங்களுக்கும் வசதி. அங்க இருந்து ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியும் பக்கம், சேரன்மகாதேவில இருந்து அப்பா அம்மாவைக் கூட்டிட்டு வரவும் தோது. தூத்துக்குடில நைட் டூட்டி அடிக்கடி வந்தா அங்க கூட வேலை பாக்கிறவங்களோட ஒரு ரூம் ஷேர் பண்ணிக்கோங்க, அதுக்காக ஒரு வீடு வாங்க வேண்டாம்.

வீட்டு விலை 50 லட்சமோ அதுக்கு மேலயோ இருந்தா விக்கிறவருக்குக் கொடுக்கிற பணத்துல 1% டிடிஎஸ் (வருமான வரிக்கான முன்பிடித்தம்) பிடிச்சு நீங்கதான் கட்டணும், இது நிறைய பேருக்குத் தெரியாம பின்னால நோட்டீஸ் வருது. பிளாட் அப்ரூவல், பில்டிங் பிளான் அப்ரூவல், மூலப் பத்திரம், பட்டா, 30 வருஷத்து ஈசி (வில்லங்கச் சான்று) இதெல்லாம் பேங்க் வக்கீல் பாப்பாருன்னு விடாம நீங்களா ஒரு வக்கீலுக்குக் காசு கொடுத்து பாக்கச் சொல்லுங்க, பேங்க் வக்கீல் பாக்கிறது பேங்க்குக்காக. அந்த ஒப்பினியன் கைக்கு வர்றதுக்கு முன்னால டோக்கன் அட்வான்ஸுக்கு மேல யாரு கேட்டாலும் கொடுக்காதீங்க, அக்ரிமெண்ட்ல லோன் சாங்ஷன் ஆகலன்னா அட்வான்ஸ் முழுசா திருப்பித் தரணும்னு ஒரு வரி கட்டாயம் எழுதி வாங்குங்க.