ஸ்கேனில் 8 என்று வந்தால் அல்சைமரா?

கேள்வி: அம்மாவுக்கு வயது 67. ஆறு மாதமாகச் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்கிறார். அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்துவிடுகிறார். ஸ்கேன் சென்டரில் எம்ஆர்ஐயும் கம்ப்யூட்டர் அனாலிசிஸும் சேர்த்து பேக்கேஜாக எடுத்தோம். ‘ஹிப்போகாம்பஸ் 8-வது பெர்சென்டைல்’ என்று சிவப்பில் போட்டிருக்கிறார்கள். உடனே பெட் ஸ்கேனும் எடுக்கச் சொல்கிறார்கள். அல்சைமர்தானா?

பதில்: அந்த 8-ஐ வைத்து அப்படிச் சொல்ல முடியாது. அது நூற்றுக்கு எடுத்த மார்க் அல்ல. ஹிப்போகாம்பஸ் என்பது புது நினைவுகளைப் பதியவைக்கும் பகுதி. காதுக்கு உட்புறமாக, இரண்டு பக்கமும் சுண்டுவிரல் அளவில் இருக்கும். கம்ப்யூட்டர் அதை அளந்து, அதே வயதில் நோயில்லாத நூறு பேரோடு, சிறியதிலிருந்து பெரியதாக வரிசையில் நிறுத்துகிறது. அம்மா எட்டாவது ஆள். அவருக்கும் முன்னால் நிற்கிற ஏழு பேரும் நல்ல ஞாபகத்தோடு இருப்பவர்கள்தான்!

அந்த நூறு பேர் எந்த ஊர்க்காரர்கள் என்று சென்டரில் கேட்டுப் பாருங்கள். பதில் வராது. இத்தகைய ஆய்வுகளுக்குப் பெரிதும் பயன்படும் தரவு, 2004-இல் தொடங்கி அமெரிக்காவிலும் கனடாவிலும் திரட்டியது. பெரும்பாலும் படித்த வெள்ளைக்காரர்கள். போதாக்குறைக்கு, மெஷினுக்குள் அம்மா தலையைக் கொஞ்சம் அசைத்திருந்தாலே அளவு குறைந்து காட்டும்.

ஸ்கேன் சீட்டில் ‘ரெஃப் பை’ என்று, அனுப்பிய டாக்டர் பெயருக்கு ஒரு கட்டம் இருக்கும், பார்த்தீர்களா? பல இடங்களில் அது நிரம்பினால் எங்கோ ஒரு கவரும் நிரம்பும். நினைவாற்றலைச் சோதிக்க ஒரு டாக்டர் அரை மணி நேரம் உட்கார்ந்து பேச வேண்டும். நம் ஓ.பி.யில் ஆளுக்கு ஐந்து நிமிடம் கிடைத்தால் பெரிது. ஸ்கேனுக்கு மட்டும் இன்றைக்கே இடம் இருக்கிறது. பெட் ஸ்கேனை இப்போது தொடாதீர்கள்.

ஒன்றே ஒன்றில் மட்டும் அவசரம். கடந்த இரண்டு மூன்று மாதத்தில் அம்மா பாத்ரூமில் வழுக்கினாரா, நிலைப்படியில் இடித்துக்கொண்டாரா? ‘சின்ன அடிதான்’ என்று விட்டிருப்பீர்கள். வயதில் மூளை சுருங்குவதால் அதன் மேலே உள்ள ரத்தக்குழாய்கள் இழுபட்டு நிற்கும். லேசான இடியிலேயே அறுந்து, வாரக்கணக்கில் ரத்தம் கசிந்து தேங்கும். இதயத்துக்காக ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர் என்றால் இன்னும் எளிது. மறதி, தலைவலி, தூக்கக் கலக்கம், நடையில் தள்ளாட்டம் எல்லாம் வரும். பார்க்க அசல் அல்சைமர் மாதிரியே இருக்கும். சாதாரண சிடி ஸ்கேனிலேயே தெரியும். மண்டையோட்டில் சிறு துளை போட்டு ரத்தத்தை வடித்துவிட்டால் பலர் தேறிவிடுகிறார்கள். கலர் கலராக அச்சிட்ட அந்த அளவுப் பக்கத்தில் இதைத் தேடாதீர்கள். ரேடியாலஜிஸ்ட் கையெழுத்திட்ட வெள்ளைத் தாளை வாசியுங்கள்.

அது இல்லையென்றால் பி12, தைராய்டு ரத்தப் பரிசோதனை எடுத்துக்கொண்டு நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். அம்மாவின் மாத்திரைப் பையை அப்படியே தூக்கிக்கொண்டு போங்கள். சளிக்கும் தூக்கத்துக்கும் கடையில் கேட்டு வாங்கியவை உட்பட.