40 இடத்துக்கு ஒரே லெட்டர்

கேள்வி: அக்கா, ரெண்டு வருஷம் கஸ்டமர் சப்போர்ட்ல வேலை பார்த்தேன், இப்போ வேற இடம் தேடிட்டு இருக்கேன். ரெஸ்யூமே நல்லா இருக்குன்னு தான் பார்த்தவங்க எல்லாம் சொல்றாங்க. கூட அனுப்புற கவர் லெட்டரையும் ராத்திரி முழுக்க உட்கார்ந்து எழுதினேன், கம்பெனி பேரை மட்டும் மாத்தி மாத்தி இதுவரைக்கும் 40 இடத்துக்கு அனுப்பியாச்சு. ஒருத்தர் கூட கூப்பிடல. லெட்டரையும், கடைசியா அப்ளை பண்ணின விளம்பரத்தையும் இணைச்சிருக்கேன். எங்க தப்பு?

பதில்: தம்பி, ரெண்டையும் படிச்சேன். லெட்டர்ல ஒரு எழுத்துப்பிழை கூட இல்ல, அதுக்கு ஒரு சபாஷ். ஆனா முதல் பாரா என்ன சொல்லுது? "நான் கடின உழைப்பாளி, சவாலான பணியைத் தேடுகிறேன், தங்கள் புகழ்பெற்ற நிறுவனத்தில் சேர்ந்து என் திறமையை வளர்த்துக்கொள்ள விரும்புகிறேன்." இதை பேங்குக்கும் அனுப்பலாம், ஆஸ்பத்திரிக்கும் அனுப்பலாம், சர்க்கஸ் கம்பெனிக்கும் அனுப்பலாம், கோளாறே அங்க தான். அதோட, உங்க திறமை வளரணும்னு யாரும் ஆள் தேடல, அவங்களுக்கு ஏதோ ஒரு தலைவலி, அதை தீர்க்க ஒரு ஆள் வேணும், அவ்ளோ தான்.

நானும் கொஞ்ச நாள் ஆள் எடுக்கிற டீம்ல இருந்தேன். ஒரு தடவை மெயில் தலைப்புல எங்க கம்பெனி பேர், முதல் பாராவுலயும் எங்க பேர், மூணாவது பாராவுல போட்டி கம்பெனி பேர்! சிரிச்சிட்டு ஓரமா வெச்சிட்டோம், பாவம் நல்ல ஆளா கூட இருந்திருக்கலாம்.

இப்போ உங்க விளம்பரத்தை எடுத்து ஒரு பேனாவோட உட்காருங்க. எது முதல்ல வருது, எது திரும்பத் திரும்ப வருது, எதுக்கு "கட்டாயம்"னு போட்டிருக்கு, எது "இருந்தா நல்லது" மட்டும், இதெல்லாம் அடிக்கோடு போடுங்க. நான் போட்டுப் பார்த்தேன், "புகார்"ங்கிற வார்த்தை மூணு தடவை வருது, எக்செல் ரிப்போர்ட் ஒரு தடவை, நைட் ஷிஃப்ட் ரெண்டு தடவை. அப்போ அங்க புகார் குவிஞ்சு கிடக்கு, நைட் ஷிஃப்ட்டுக்கு ஆள் நிக்க மாட்டேங்குதுன்னு என் யூகம். உங்க லெட்டர்ல இந்த மூணுல ஒண்ணு கூட இல்ல, ஆனா ரெஸ்யூமேல மூணுமே இருக்கு, என்ன கொடுமை பாருங்க!

முதல் பாராவை இப்படி மாத்தலாம்: "நைட் ஷிஃப்ட்டில் புகார்களைக் கையாள ஆள் தேவை என்று விளம்பரத்தில் பார்த்தேன். இரண்டு வருடமாக நான் செய்துவந்த வேலை அதுதான். ஒரு ஷிஃப்ட்டில் சுமார் 60 புகார்கள் வரும், எந்தப் பொருளுக்கு அதிகம் வருகிறது என்று வாரா வாரம் எக்செல்லில் தொகுத்து மேனேஜருக்குக் கொடுப்பேன்." 60ங்கிறது நான் சும்மா போட்டது, உங்க நிஜ நம்பரைப் போடுங்க, இன்டர்வியூல கேட்டா சொல்லத் தெரியணும்ல. இதுல "கடின உழைப்பாளி"ன்னு ஒரு வார்த்தை இல்ல, ஆனா படிக்கிறவருக்கு அது தானா புரியும்.

இது ஒண்ணும் புது வித்தை இல்ல. மோனலிசா வரைஞ்ச டாவின்சி 1482 வாக்குல மிலானை ஆண்ட லுடோவிகோ ஸ்ஃபோர்ஸாகிட்ட வேலை கேட்டு எழுதின கடிதத்தோட வரைவு இன்னும் இருக்கு. எடுத்த எடுப்புல என்ன எழுதினாரு தெரியுமா, தூக்கிட்டு போற பாலம், பீரங்கி, சுரங்கப்பாதை, மூடின போர் வண்டின்னு வரிசையா யுத்த சாமான் தான், ஏன்னா அந்த ஆளுக்கு அப்போ யுத்தக் கவலை. படம் வரைவேங்கிறது கிட்டத்தட்ட கடைசியில தான் வருது. இன்னொண்ணு, லுடோவிகோவோட அப்பா நினைவா ஒரு வெண்கலக் குதிரை செய்யணும்னு பேச்சு இருந்தது, அதையும் செஞ்சு தரேன்னு மறக்காம சேர்த்திருக்காரு. விசாரிச்சிட்டு எழுதின லெட்டர்னா அது தான். நீங்களும் அந்த கம்பெனி வெப்சைட்டை ஒரு பத்து நிமிஷம் பாருங்க, புதுசா என்ன ஆரம்பிச்சிருக்காங்கன்னு பார்த்து, அது உங்க வேலையோட ஒட்டுச்சுன்னா ஒரு வரி எழுதுங்க, ஒட்டலைன்னா விட்டுடுங்க, சும்மா புகழாதீங்க.

மத்தபடி ஒரு பக்கத்தைத் தாண்ட வேணாம், மூணு நாலு பாரா போதும். விளம்பரத்துல இருக்கிற வார்த்தையையே பயன்படுத்துங்க, பல இடத்துல வர்ற அப்ளிகேஷனை சாஃப்ட்வேர் தான் முதல்ல சலிக்குது, அதுக்காக செய்யாத வேலையை எல்லாம் திணிக்காதீங்க. ஃபைலுக்கு உங்க பேர் வைங்க, "ஃபைனல் நியூ 3"ன்னு அனுப்பியிருக்கீங்க!

40 இடம்னு கணக்கு வெச்சுக்காதீங்க, வாரத்துக்கு நாலஞ்சு இடம் ஒழுங்கா எழுதினா போதும். நடுவுல இருக்கிற உங்க அனுபவ பாராவை பெருசா மாத்த வேண்டியிருக்காது, முதல் பாராவும் கடைசி பாராவும் தான் ஒவ்வொரு தடவையும் புதுசு.

கேள்வி: யாருக்கு எழுதுறோம்னு பேர் தெரியலைன்னா என்ன போடுறது மேடம்?

பதில்: விளம்பரத்துலயோ வெப்சைட்லயோ தேடுங்க, கிடைச்சா எழுத்துக்கூட்டி சரியா போடுங்க, பேரைத் தப்பா எழுதுறதுக்கு எழுதாமலே இருக்கலாம். கிடைக்கலைன்னா "ஆள் தேர்வுக் குழுவுக்கு" போதும். பேர் கிடைச்சாலும் அதை வெச்சு ஆணா பெண்ணான்னு யூகிச்சு சார், மேடம்னு போடாதீங்கம்மா.

கேள்வி: நான் ஏஐ-கிட்ட குடுத்து எழுதி வாங்குறேன், தப்பா?

பதில்: மொழியைத் திருத்த வாங்கிக்கோங்க, தப்பில்ல. ஆனா உங்க ஷிஃப்ட்ல என்ன நடந்துச்சுன்னு நீங்க சொன்னா தானே அதுக்குத் தெரியும்? ஒண்ணுமே சொல்லாம எழுதச் சொன்னா நம்ம தம்பியோட "சவாலான பணி" பாரா தான் இன்னும் பளபளன்னு திரும்பி வரும்.