திரை இருண்ட கார்: ‘பாட்டுப் பெட்டிதானே’ என்கிறது கம்பெனி

கேள்வி: நான் கரூரில் பள்ளி ஆசிரியை. என் கணவர் கூட்டு நிறுவனமாகத் துணி ஏற்றுமதி செய்கிறார். 2023 ஜூலையில் அந்த நிறுவனத்தின் பெயரில், கோயம்புத்தூர் விற்பனையாளர் ஒருவரிடம் பதினேழரை லட்ச ரூபாய்க்கு மின்சாரக் கார் வாங்கினோம். பெரும்பாலும் ஓட்டுவது நான்தான். 2025 ஏப்ரலில் ஒரு மதியம், வேகச் சார்ஜ் போட்டுக் கிளம்பிய சிறிது நேரத்தில் நடுவில் இருக்கும் பெரிய திரை முழுவதும் இருண்டுவிட்டது. இந்தக் காரில் வேகம் காட்டுவது, பின்பக்கக் கேமரா, கண்ணாடியில் படியும் பனியை நீக்கும் பொத்தான் எல்லாமே அந்தத் திரையில்தான். இதுவரை ஒன்பது முறை இப்படி ஆகியிருக்கிறது. நான்கு முறை சர்வீஸ் சென்டரில் விட்டேன். மென்பொருளைப் புதுப்பித்துத் தருகிறார்கள், சில வாரங்களில் மறுபடியும் இருள்கிறது. “திரை என்பது பொழுதுபோக்குச் சாதனம், பாதுகாப்புப் பாகம் அல்ல, வண்டி ஓடுகிறது அல்லவா, ஓட்டுங்கள்” என்கிறார்கள். மூன்றாண்டு வாரண்டி வரும் ஜூலையில் முடிகிறது. வெளியே திரை மாற்ற எண்பதாயிரம் ஆகுமாம். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் இதே காரை வைத்திருக்கும் முப்பது பேருக்கு இதே தொல்லை. ரீகால் (குறையுள்ள வண்டிகளைத் தயாரிப்பாளர் திரும்ப அழைப்பது) அறிவிப்பு வரும் வரை காத்திருக்கலாமா? வழக்குப் போட முடியுமா? கார் என் கணவரின் நிறுவனத்தின் பெயரில் இருப்பது தடையா?

பதில்: அம்மா, கடிதத்துடன் நீங்கள் அனுப்பிய நான்கு ஜாப் கார்டு (வண்டியை விடும்போது சர்வீஸ் சென்டர் எழுதும் சீட்டு) நகல்களையும் பார்த்தேன். நான்கிலும் புகார் என்ற இடத்தில் ‘திரை வேலை செய்யவில்லை’ என்றுதான் எழுதியிருக்கிறது. உங்கள் வழக்கின் பலவீனம் அந்த மூன்று சொற்கள்தான். திரை வேலை செய்யவில்லை என்றால், “பாட்டுக் கேட்க முடியவில்லை, அவ்வளவுதானே” என்று கம்பெனி சொல்லும். அடுத்த முறை வண்டியை விடும்போது, ‘ஓடிக்கொண்டிருக்கும்போது வேகமானி மறைந்தது, பின்னால் வருவதைக் காட்டும் கேமரா நின்றது, முன்கண்ணாடிப் பனியை நீக்க முடியவில்லை’ என்று எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் அதே வாசகத்தை அன்றைக்கே மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். கெட்டுப்போன பொருளின் பெயரைவிட, அது கெட்டதால் ஓட்டுபவர் எதை இழக்கிறார் என்பதைத்தான் சட்டம் பார்க்கும்.

இப்படி எழுதுவதற்குச் சட்டத்தில் பிடிமானம் உண்டு. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 117ஆம் விதி, காரில் வேகமானி இருக்க வேண்டும் என்கிறது. 2019 ஜூலை 1 முதல் விற்கப்படும் புதிய கார்களில் வேக எச்சரிக்கை ஒலியும், பின்னால் எடுக்கும்போது எச்சரிக்கும் சென்சாரும் கட்டாயம். திரை இருண்ட நேரத்தில் அந்த ஒலிகளும் நின்றனவா என்பது உங்கள் கடிதத்தில் இல்லை. அடுத்த முறை கவனித்துக் குறித்து வையுங்கள், ஒலி நின்றிருந்தால் வழக்கு இரட்டிப்பு பலம் பெறும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 ‘குறைபாடு’ என்பதற்குத் தரும் விளக்கத்தில், எந்தச் சட்டத்தின் கீழாவது பேண வேண்டிய தரத்தில் குறைவு ஏற்பட்டாலும் அது குறைபாடுதான் என்கிறது. வேகமானி வேண்டும் என்று விதி சொல்கிறது, உங்கள் காரில் அது வருகிறது, போகிறது. இதைவிட நேரான வாதம் எனக்குத் தெரியவில்லை.

‘திரை பாதுகாப்புப் பாகம் அல்ல’ என்ற வாதமும் புதிதல்ல. அமெரிக்காவில் டெஸ்லா நிறுவனம் இதே கரையில் நின்று பார்த்தது. 2018 தொடக்கம் வரை தயாரான மாடல் எஸ், மாடல் எக்ஸ் கார்களில் நடுத்திரையை இயக்கும் கணினியில் 8 ஜிபி நினைவகச் சில்லு ஒன்று இருந்தது. கார் ஓடும்போதெல்லாம் அதில் பதிவுகள் எழுதப்படும், அழிக்கப்படும். பென்சிலால் எழுதி ரப்பரால் அழித்துக்கொண்டே இருந்தால் ஒரு நாள் தாள் கிழியும் என்று உங்கள் மாணவர்களுக்கே தெரியும். அந்தச் சில்லும் ஐந்தாறு ஆண்டுகளில் தேய்ந்துபோனது. திரை இருண்டது. அதோடு பின்பக்கக் கேமரா, பனி நீக்கும் கட்டுப்பாடு, இண்டிகேட்டர் ஒலி ஆகியவையும் போயின. அந்நாட்டுச் சாலைப் பாதுகாப்பு அமைப்பு 2021 ஜனவரியில் சுமார் 1,58,000 கார்களைத் திரும்ப அழைக்கும்படி கடிதம் எழுதியது. இப்படிப்பட்ட உதிரிகள் காரின் முழு ஆயுளுக்கும் உழைக்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமல்ல என்பது போல நிறுவனம் பதில் எழுதியது, இது குறைபாடே அல்ல என்றும் சொன்னது. சொல்லிவிட்டு, சுமார் 1,35,000 கார்களைத் திரும்ப அழைத்து, 64 ஜிபி சில்லு உள்ள பலகையை இலவசமாகப் பொருத்தியது. முன்பே கைக்காசு போட்டு மாற்றியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தரவும் ஒப்புக்கொண்டது.

உங்களுக்கு இன்னும் நெருக்கமான செய்தி 2022 மே மாதத்தினுடையது. வேகச் சார்ஜ் ஏறும்போது கணினி போதுமான அளவு குளிராமல் சூடேறி, திரை தாமதமாக இயங்கலாம் அல்லது இருண்டுபோகலாம் என்று ஏறத்தாழ 1,30,000 டெஸ்லா கார்கள் ரீகாலுக்கு உள்ளாயின. உங்கள் காரும் வேகச் சார்ஜுக்குப் பிறகு, ஏப்ரல் வெயிலில்தானே முதலில் இருண்டது? ஒன்பது முறையும் அப்படித்தானா என்று தேதி, நேரம், சார்ஜ் போட்ட ரசீது வாரியாக ஓர் அட்டவணை போடுங்கள். உங்கள் காரில் காரணம் வேறாகவும் இருக்கலாம், அதை நிபுணர்தான் சொல்ல வேண்டும். ஆனால் எங்கே தேட வேண்டும் என்று நிபுணருக்கு அந்த அட்டவணை காட்டும். 2024 தொடக்கத்தில் அதே நிறுவனம் சுமார் 22 லட்சம் கார்களுக்கு ரீகால் அறிவித்ததற்குக் காரணம், திரையில் பிரேக் எச்சரிக்கை எழுத்துகள் விதியில் சொன்ன அளவைவிடச் சிறியவையாக இருந்தன என்பது மட்டுமே. எழுத்து சிறுத்ததற்கே ரீகால் என்றால், எழுத்தே மறைவதை என்னவென்று சொல்வது? அந்தக் குறையை இணையம் வழியே அனுப்பிய மென்பொருளால் சரிசெய்தார்கள், இருந்தும் அதன் பெயர் ரீகால்தான். நம் ஊரில் அதே வேலையை ‘அப்டேட்’ என்று சொல்லி அமைதியாக முடித்துவிடப் பார்க்கிறார்கள்.

அமெரிக்க அமைப்பின் முடிவு கரூர் நுகர்வோர் ஆணையத்தைக் கட்டுப்படுத்தாது. மனுவில் ஒரே பத்தியில் சொல்லிவிட்டு நகர வேண்டும். இணையத்திலிருந்து அறுபது பக்கம் அச்செடுத்து இணைத்தால் ஆணையத்தின் பொறுமைதான் குறையும்.

இனி ரீகால் பற்றிய கேள்வி. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தத்தால் 110ஏ பிரிவு வந்தது. ஒரு வகை வாகனத்தின் குறைபாடு ஓட்டுபவருக்கோ பயணிகளுக்கோ சாலையில் செல்பவர்களுக்கோ தீங்கு தரக்கூடியதாக இருந்து, குறிப்பிட்ட விகித உரிமையாளர்களோ சோதனை நிறுவனமோ வேறு வழியிலோ அது மத்திய அரசுக்குத் தெரிவிக்கப்பட்டால், திரும்ப அழைக்கும்படி அரசு உத்தரவிடலாம். குறை ஒரு பாகத்தில் இருந்தால், அந்தப் பாகம் உள்ள எல்லா வாகனங்களையும் அழைக்கச் சொல்லலாம். தயாரிப்பாளர் முழு விலையைத் திருப்பித் தர வேண்டும், அல்லது வேறு வண்டி தர வேண்டும், அல்லது பழுது நீக்க வேண்டும். நடைமுறையில் மூன்றாவதுதான் நடக்கும். 2021 ஏப்ரல் முதல் இதற்கான விதிகள் அமலில் உள்ளன. அபராதம் ஒரு கோடி ரூபாய் வரை போகலாம், ஆனால் குறையைத் தானே கண்டு சொல்லித் திரும்ப அழைக்கும் தயாரிப்பாளருக்கு அபராதம் இல்லை. கட்டாய ரீகால் ஏழு ஆண்டுக்கு உட்பட்ட வண்டிகளுக்கு மட்டும், உங்கள் கார் அதற்குள் வருகிறது.

வாட்ஸ்அப் குழுவில் முப்பது பேர் புலம்புவது அரசின் கணக்கில் பூஜ்யம். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் வாகன் தளத்தில் ரீகால் புகாருக்கென்று தனிப் பகுதி இருக்கிறது. முப்பது பேரும் தனித்தனியே, அவரவர் வண்டி விவரத்துடன் அங்கே பதிய வேண்டும். விகிதத்தை எட்ட முப்பது போதாது. ஆனால் ‘வேறு வழியிலோ’ என்று சட்டம் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. கூடவே மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கும் எழுதுங்கள், ஆபத்தான பொருளைத் திரும்பப் பெற உத்தரவிடும் அதிகாரம் அதற்கும் உண்டு. அந்த மனுவை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலும் கொடுக்கலாம்.

ஆனால் அதற்காகக் காத்திருக்காதீர்கள். ரீகால் என்பது அரசுக்கும் கம்பெனிக்கும் நடக்கும் விவகாரம், எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. உங்கள் பணத்துக்கும் அலைச்சலுக்கும் வழி நுகர்வோர் ஆணையம். அதற்குக் கால வரம்பு இரண்டு ஆண்டு. முதல் முறை இருண்ட 2025 ஏப்ரலிலிருந்தே கம்பெனியின் வக்கீல் கணக்குப் போடுவார் என்று வைத்துக்கொண்டு, 2027 ஏப்ரலுக்கு வெகு முன்பே தாக்கல் செய்துவிடுங்கள். வாரண்டி முடிவதற்குள் வழக்குப் போட வேண்டும் என்பதில்லை. வாரண்டிக் காலத்தில் தோன்றி, பதிவாகி, தீராமலே இருக்கும் பழுது, ஜூலை பிறந்ததும் உங்கள் செலவாகிவிடாது. ஜூலைக்குள் ஒரு வக்கீல் நோட்டீஸ் மட்டும் பதிவுத் தபாலில் போய்ச் சேரட்டும்.

கார் உங்கள் கணவரின் நிறுவனத்தின் பெயரில் இருப்பது பற்றி: ‘வணிக நோக்கத்துக்காக வாங்கியவர் நுகர்வோர் அல்ல’ என்ற ஆட்சேபணை நிச்சயம் வரும். 2024 ஜூலையில் டெய்ம்லர் கிரைஸ்லர் வழக்கில் உச்ச நீதிமன்றம், நிறுவனம் தன் இயக்குநரின் சொந்த உபயோகத்துக்கு வாங்கிய காரை வணிக நோக்கம் என்று சொல்ல முடியாது என்று தீர்ப்பளித்தது. லாபம் ஈட்டும் வேலையோடு அந்தக் காருக்கு நேரடித் தொடர்பு இருக்கிறதா என்பதுதான் கேள்வி. நீங்கள் பள்ளிக்குப் போக ஓட்டும் கார் துணி ஏற்றுமதியில் என்ன லாபம் ஈட்டும்? மனுவை நிறுவனத்தின் பெயரில் போட்டு, உங்களை இரண்டாவது மனுதாரராகச் சேருங்கள். வாங்கியவரின் சம்மதத்தோடு உபயோகிப்பவரும் நுகர்வோரே. ஆனால் சாம்பிள் பெட்டிகளையும் வாடிக்கையாளர்களையும் இந்தக் காரிலேயே ஏற்றிச் செல்வது வழக்கம் என்றால் இப்போதே உங்கள் வக்கீலிடம் சொல்லிவிடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒரு கேள்விதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 190ஆம் பிரிவு, ஆபத்து விளைவிக்கக்கூடிய குறை இருப்பது தெரிந்தே வண்டியைச் சாலையில் ஓட்டுவதைக் குற்றம் என்கிறது. ‘உயிருக்கு ஆபத்து’ என்று கம்பெனிக்கு எழுதிவிட்டு மறுநாள் அதே காரில் நெடுஞ்சாலையில் போனால், அந்தக் கடிதத்தை உங்களுக்கு எதிராகவே நீட்டுவார்கள், விபத்து ஏதும் நடந்தால் இன்னும் மோசம். இதற்காகக் குறையைக் குறைத்து எழுத வேண்டாம். ‘இந்த நிலையில் ஓட்டுவது பாதுகாப்பானதா, எழுத்தில் சொல்லுங்கள், இல்லையென்றால் சரியாகும் வரை மாற்று வண்டி கொடுங்கள்’ என்று கேளுங்கள். ‘ஓட்டுங்கள்’ என்று வாயால் சொல்கிறவர்கள் கையெழுத்துப் போட்டுச் சொல்வதை என் அனுபவத்தில் இதுவரை பார்த்ததில்லை. அவர்கள் மௌனமாக இருந்தால் அந்த மௌனமே சான்று. அதுவரை இரவிலும் மழையிலும் அந்தக் காரை எடுக்காதீர்கள்.

வழக்கு கரூரிலேயே நடக்கும். மனுதாரர் இருக்கும் ஊரில் தாக்கல் செய்ய 2019 சட்டம் இடம் தருகிறது. கொடுத்த விலை 50 லட்சத்துக்குள் என்பதால் மாவட்ட ஆணையம், கட்டணம் 400 ரூபாய். தயாரிப்பாளர், விற்பனையாளர் இருவரையும் எதிர்மனுதாரராகச் சேருங்கள். ஒருவரை விட்டால் மற்றவர் அவரைக் கைகாட்டுவார். ‘தயாரிப்புப் பொறுப்பு’ என்ற அத்தியாயத்தின் கீழ் இழப்பீடு கேட்கச் சொல்லி யாராவது ஆசை காட்டினால் நிதானியுங்கள். அந்த அத்தியாயத்தில் ‘தீங்கு’ என்ற சொல் அந்தப் பொருளுக்கே நேர்ந்த கேட்டைச் சேர்க்கவில்லை. நல்ல வேளையாக யாருக்கும் காயமில்லை. எனவே பொருளில் குறைபாடு, சேவையில் குறைபாடு, இந்த இரண்டோடு நிற்பது நல்லது.

புதுக் கார் கேட்பீர்கள். கேளுங்கள், ஆனால் நம்பிக்கையை அதில் வைக்காதீர்கள். ஒரு பாகத்தை மாற்றினால் தீரும் பழுதுக்கு வண்டியையே மாற்றச் சொல்ல முடியாது என்று 2006இல் மாருதி உத்யோக் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மாற்றாகக் கேட்க வேண்டியது: திரையும் அதை இயக்கும் கணினியும் திருத்தப்பட்ட புதுப் பாகமாகச் செலவின்றி மாற்றப்பட வேண்டும், அதற்குத் தனியாக நீட்டித்த வாரண்டி வேண்டும், கார் சர்வீஸ் சென்டரில் கிடந்த நாட்களுக்கு வாடகைக் கார் செலவும் மன உளைச்சலுக்கு இழப்பீடும் வேண்டும். மாற்றியும் இருண்டால் விலையைத் திருப்பித் தர வேண்டும்.

நிபுணர் அறிக்கை இல்லாமல் தோற்ற வாகன வழக்குகள் ஏராளம். ஆணையம் வழியாக ஆய்வுக்கு அனுப்பக் கோரும் மனுவை முதல் வாய்தாவிலேயே போடுங்கள். 2022இல் ஹூண்டாய் காற்றுப்பை (ஏர்பேக்) வழக்கில், மோதலின் விசையைக் கணக்கிட நுகர்வோர் இயற்பியல் நிபுணராக இருக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் கூறியது உங்களுக்கு உதவும். ஆனாலும் அதை மட்டும் நம்பிப் போகாதீர்கள். இருண்ட திரையின் வீடியோவை அருகில் உட்கார்ந்திருப்பவர் எடுக்கட்டும், ஓட்டிக்கொண்டே நீங்கள் எடுத்தால் அது இன்னொரு குற்றம். மூலப் பதிவு கைப்பேசியிலேயே இருக்கட்டும். மின்னணுப் பதிவை ஆதாரமாக ஏற்கத் தேவையான, 2023 சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழை உங்கள் வக்கீல் தயார் செய்வார். காரின் உள்பதிவுகள் கம்பெனியிடம்தான் இருக்கும், அவற்றை அழிக்காமல் வைத்திருக்கும்படி நோட்டீஸிலேயே கேளுங்கள். ஒவ்வொரு புதுப்பித்தலுக்கும் முன்னும் பின்னும் மென்பொருள் பதிப்பு எண்ணைப் படம் எடுங்கள்.

நோட்டீஸ் போன பிறகு, பெரும்பாலும் திடீரென்று கனிவு பிறந்து திரையை மாற்றித் தருகிறோம் என்று அழைப்பார்கள். மறுக்க வேண்டாம், மாற்றிக்கொள்ளுங்கள். ‘முழுத் திருப்தி’ என்று அச்சிட்ட தாளை நீட்டினால், ‘ஓட்டிப் பார்த்த பிறகே சொல்ல முடியும், என் உரிமைகளை விட்டுக்கொடுக்கவில்லை’ என்று உங்கள் கையால் எழுதிக் கையெழுத்திடுங்கள். கழற்றிய பாகத்தின் எண், பொருத்திய பாகத்தின் எண் இரண்டையும் ஜாப் கார்டில் எழுதி வாங்குங்கள். இரண்டும் ஒரே வகை எண்ணாக இருந்தால், பழைய குறையுள்ள பாகத்தையே புதிதாகப் பொருத்தியிருக்கிறார்களா என்று அன்றைக்கே எழுத்தில் கேளுங்கள்.